வாசகர் கேள்வி-பதில்: கேமிங் மடிக்கணினி வாங்கும்போது எந்த எண்ணைப் பார்ப்பது?

சம்பா அறுவடை முடிந்து நெல்லுக்கான பணம் கைக்கு வரும் மாசி, பங்குனி மாதங்களில் டெல்டா மாவட்டங்களிலிருந்து மடிக்கணினி பற்றிய கடிதங்கள் கூடுதலாக வருவது வழக்கம். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை கேமிங் மடிக்கணினியின் ரேமையும் (வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் தற்காலிக நினைவகம்) புராசஸரையும் (கணக்குகளைப் போடும் மையச் சில்லு) பற்றியே கேட்டிருந்ததால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகன் தஞ்சாவூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரு கேமிங் மடிக்கணினி கேட்கிறான். கடையில் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டைக் காட்டினார்கள். முதலாவதில் இன்டெல் கோர் ஐ7-12650எச் புராசஸர், 16 ஜிபி டிடிஆர்4-3200 ரேம், ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் 4 ஜிபி. இரண்டாவதில் ஏஎம்டி ரைசன் 5 7535எச்எஸ், 8 ஜிபி டிடிஆர்5-4800 ரேம், ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் 6 ஜிபி. ஐ7, 10 கோர், 16 ஜிபி என்று எல்லாவற்றிலும் முதலாவதே மேல் என்கிறார் கடைக்காரர். மகனோ இரண்டாவதுதான் வேண்டும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: தம்பி கேட்பதையே வாங்குங்கள். ஆனால், இன்னொரு 8 ஜிபி ரேம் ஸ்டிக்கையும் (ரேம் சில்லுகள் பதித்த சிறு பலகை) பொருத்தாமல் அதைக் கடையிலிருந்து எடுத்து வராதீர்கள். இதற்கான காரணம் சற்று நீளமானது. கடைக்காரர் சொன்னதிலும் பொய் இல்லை என்பதால், அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

புராசஸரை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் முதலாவதுதான் வலுவானது. கோர் என்பது புராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி. ஐ7-12650எச் புராசஸரின் 10 கோர்களில் 6 பெரியவை. மீதமுள்ள 4 மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் சிறியவை. பெரிய கோர் ஒவ்வொன்றும் ஒரே வேளையில் இரண்டு வேலைகளைக் கவனிக்கும் என்பதால் மொத்தம் 16 த்ரெட் ஆகிறது. ரைசன் 5 7535எச்எஸ் புராசஸரில் ஒரே வகையைச் சேர்ந்த 6 கோர்களும் 12 த்ரெட்டும் உள்ளன. புராசஸருக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்ற சிறிய, அதிவேக நினைவகத்திலும் (மூன்றாம் நிலை கேஷைச் சொல்கிறேன்) முதலாவதற்கு 24 எம்பி, இரண்டாவதற்கு 16 எம்பி. ஆயினும் விளையாட்டின் கனமான வேலையைத் தாங்குபவை பெரிய கோர்களே ஆதலால், 10-க்கு 6 என்று கணக்கிடுவது சரியன்று. 6-க்கு 6 என்று கொண்டு, அதற்கு மேல் முதலாவதற்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண் கொடுப்பதே பொருத்தம்.

ஏஎம்டி நிறுவனம் 2023-இல் கொண்டுவந்த 7000 வரிசைப் பெயர்களில், முதல் இலக்கம் எந்த ஆண்டின் வரிசை என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைச் சொல்வது மூன்றாம் இலக்கம். 7535 என்பதில் மூன்றாவதாக நிற்பது 3. எனவே இது முந்தைய ஜென் 3+ வடிவமைப்பு. 7640எச்எஸ் என்றிருந்தால் அங்கே 4 நிற்கும். அது ஜென் 4. இரண்டுமே ‘7000 சீரிஸ்’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால், ‘லேட்டஸ்ட்’ என்ற சொல்லை நம்பாமல் அந்த இலக்கத்தைப் பார்ப்பது நல்லது.

புராசஸரில் முந்தும் முதலாவதை நான் ஏன் ஒதுக்குகிறேன் என்று கேட்பீர்கள். திரையில் தோன்றும் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும், அதாவது ஃபிரேமுக்கும், எந்தப் பாத்திரம் எங்கே நிற்கிறது, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்ற கணக்கைப் புராசஸர் போட்டுக் கொடுக்க, அதைப் படமாகத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் 16.7 பங்கு, 144 ஃபிரேம் வேண்டுமானால் ஏறத்தாழ 6.9 பங்கு. இருவரில் யார் தாமதிக்கிறாரோ அவர்தான் ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பவர். இன்றைய பெரிய திறந்தவெளி விளையாட்டுகளில், இத்தகைய நடுத்தர விலை மடிக்கணினிகளில், தாமதிப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டாகவே இருக்கிறது. ஐ7 தன் வேலையை முடித்துவிட்டுக் கைகட்டி நிற்கும். ஆர்டிஎக்ஸ் 4050-இல் 2,560 கணக்கீட்டு அலகுகள், 3050-இல் 2,048. அதைவிட முக்கியமாக, கிராபிக்ஸுக்கே உரிய 4 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சப் படத்தரவுகள் மடிக்கணினியின் பொது ரேமுக்குத் தள்ளப்பட்டு, தேவைப்படும் போதெல்லாம் நெடுந்தூரம் போய்வருவதால், ஆட்டம் நடுநடுவே திக்கித் திக்கி நிற்கும். வாலரன்ட் போன்ற இலகுவான விளையாட்டுகளில் புராசஸருக்குத்தான் வேலை அதிகம். ஆனால் அவற்றுக்கு இவ்விரண்டில் எதுவும் போதும்.

இனி ரேம். முதலாவதில் 16 ஜிபி இருக்கிறது என்றீர்கள். அது ஒரே ஸ்டிக்கா, 8 ஜிபி கொண்ட இரண்டு ஸ்டிக்கா என்பதைச் சொல்லவில்லை. விளம்பரத் தாளிலும் பெரும்பாலும் அது இருக்காது. ஏரியின் கொள்ளளவு வேறு, மதகின் அகலம் வேறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரேமில் ஜிபி என்பது கொள்ளளவு; எத்தனை வழியாகத் தரவு புராசஸருக்குப் பாய்கிறது என்பது மதகு. ஒரு ஸ்டிக் ஒரு முறைக்கு 64 பிட், அதாவது 8 பைட், கொடுக்கும். டிடிஆர்4-3200 என்றால் நொடிக்கு 320 கோடி முறை. எனவே நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக்குகள் இருந்தால் இரண்டு மதகும் ஒன்றாகத் திறந்து 51.2 ஜிபி. இதைத்தான் டூயல் சேனல் என்கிறார்கள். டிடிஆர்5-4800 ஒற்றை ஸ்டிக்கில் 38.4, இரண்டில் 76.8. இந்த நான்கு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: புதிய டிடிஆர்5 தனித்து நின்றால், பழைய டிடிஆர்4 இரண்டு சேர்ந்து தரும் அளவைக்கூட எட்டுவதில்லை.

“டிடிஆர்5 ஸ்டிக் ஒன்றே இரண்டு சேனல்தான், இன்னொன்று தேவையில்லை” என்று சில கடைகளில் சொல்கிறார்கள். பாதி உண்மை எப்போதும் விற்பனைக்கு வசதியானது. டிடிஆர்5 ஸ்டிக் ஒவ்வொன்றும் உள்ளே இரண்டு பிரிவாகப் பிரிந்திருப்பது மெய்யே. ஆனால் அவை ஒவ்வொன்றும் 32 பிட் அகலமே என்பதால் கூட்டினால் பழைய 64-தான். ஒரு மதகின் நடுவே சுவர் எழுப்பி இரண்டு கண்ணாக்கினால், எந்த வயலுக்கு எப்போது விடுவது என்பதைச் சுலபமாகப் பார்த்துக்கொள்ளலாம். பாயும் நீரின் அளவு கூடிவிடாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கேட்டவுடன் முதல் தரவு வந்துசேர ஆகும் காத்திருப்பில் டிடிஆர்5 முந்துவதில்லை. மடிக்கணினிகளில் வழக்கமாகக் காணப்படும் டிடிஆர்4-3200, சிஎல் 22 (சிஎல் என்பது இந்தக் காத்திருப்பைக் குறிக்கும் எண்) ஸ்டிக்கில் அது 13.75 நானோ நொடி. டிடிஆர்5-4800, சிஎல் 40 ஸ்டிக்கில் ஏறத்தாழ 16.7. பாய்ச்சலின் அகலத்தால்தான் டிடிஆர்5 வெல்கிறது. அந்த அகலத்தையே ஒற்றை ஸ்டிக் போட்டுப் பாதியாக்கிவிட்டால் பெயரில் 5 இருந்து என்ன பயன்? இன்னொரு ஸ்டிக்கையும் பொருத்த வேண்டும் என்று நான் வைத்த நிபந்தனைக்குக் காரணம் இதுதான். அதோடு, விண்டோஸ் 11-உம் பின்னணியில் ஓடும் நிரல்களும் எடுத்துக்கொண்டது போக, 8 ஜிபியில் விளையாட்டுக்கு மிஞ்சுவது சொற்பம். சைபர்பங்க் 2077 விளையாட்டுக்கு 2023-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்தே குறைந்தபட்சத் தேவை 12 ஜிபி ரேம்.

மதிப்புரைகளைப் படிக்கும்போது சராசரி ஃபிரேம் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், ‘1 சதவீதத் தாழ்வு’ என்ற எண்ணையும் தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டூரில் இத்தனை கன அடி திறந்தார்கள் என்ற செய்தியை வைத்துக்கொண்டு வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல் நனைந்ததா என்று சொல்ல முடியாதல்லவா? சராசரி என்பது மேட்டூர்க் கணக்கு. மிக மெதுவாக வந்த ஃபிரேம்களின் நிலையைச் சொல்லும் அந்தத் தாழ்வு எண்தான் கடைமடைக் கணக்கு. ஒற்றை ஸ்டிக் ரேமின் குறை, சராசரியைவிட அங்கேதான் பளிச்சென்று தெரியும்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. மடிக்கணினியை இயக்கச் சொல்லி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குள் மெமரி என்பதைத் தொட்டால், ரேமின் வேகமும், ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியில் ஸ்டிக் செருகும் இடங்கள் (ஸ்லாட்) இரண்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். இரண்டில் ஒன்று என்று வந்தால், மறுபாதி காலியாக இருக்கிறது என்று பொருள். அதே வகை, அதே வேகம், அதே 8 ஜிபி அளவுள்ள இன்னொரு ஸ்டிக்கை அங்கேயே போட்டுத் தரச் சொல்லி, உத்தரவாதம் பாதிக்காது என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ரேமின் விலை தக்காளியைப் போல ஏறி இறங்குவது. எனவே 16 ஜிபியோடு வரும் அதே மாடலின் விலையையும், 8 ஜிபி மாடலோடு தனி ஸ்டிக் வாங்கினால் ஆகும் தொகையையும் அன்றைக்கே இரண்டு விதமாகவும் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில், 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு மின்திறனில் மடிக்கணினிகள் வருகின்றன. நீங்கள் பார்த்தது எத்தனை வாட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த வாட்டில் ஓடுவதாக இருந்தால் என் தீர்ப்பை நானே மறுபரிசீலனை செய்வேன்.

கேள்வி: மெல்லிய, எடை குறைந்த மடிக்கணினி ஒன்றில் ஐ7-1255யூ இருக்கிறது. அதே விலைக்குக் கனமான ஒன்றில் ஐ5-12450எச். இரண்டுமே 12-ஆம் தலைமுறை. முன்னதில் 10 கோர், பின்னதில் 8 கோர்தான். விளையாட்டுக்கு ஐ7-தானே சரி?
– கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

பதில்: இல்லை. இங்கே ஐ5-தான் சரி. ஐ7 என்பதை விட்டுவிட்டுப் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யூ என்று முடிவது 15 வாட் அடிப்படை மின்திறனுக்காகச் செய்யப்பட்டது. எச் என்று முடிவது 45 வாட்டுக்கானது. ஐ7-1255யூ-வின் 10 கோர்களில் பெரியவை இரண்டே இரண்டு, எட்டும் சிறியவை. ஐ5-12450எச்-இல் பெரியவை நான்கு, சிறியவை நான்கு. த்ரெட் எண்ணிக்கை இரண்டிலும் 12 என்று ஒன்றாக வருவதால் விளம்பரத் தாளைப் பார்ப்பவர் ஏமாறுவது எளிது.

விளம்பரத்தில் பெரிதாக அச்சிடப்படும் ஜிகாஹெர்ட்ஸ், ஒரு கோர் சில நொடிகளுக்கு எட்டும் உச்சம் மட்டுமே. விளையாட்டு என்பது மணிக்கணக்கில் ஓடுவது. அத்தனை நேரமும் வெப்பத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இன்டெல் 12-ஆம் தலைமுறை மடிக்கணினிப் புராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிரூட்டிய அறையில் எழுதப்பட்ட மதிப்புரையின் எண்கள், கத்திரி வெயிலில் மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து விளையாடும் நமக்கு அப்படியே பொருந்தா. காற்றுத் துளைகள் பெரிதாகவும் பின்பக்கம் திறந்தும் உள்ள கனமான மாடல், நம் ஊருக்குப் பாரமாகத் தோன்றினாலும் பயன்படும். உங்கள் ஊரின் கடற்காற்றில் உப்பும் ஈரமும் கலந்திருப்பதால் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை உள்ளே துடைக்கக் கொடுங்கள். மெத்தையின் மேல் வைத்து விளையாடினால் கீழ்த் துளைகள் அடைபட்டு, எந்த எழுத்தில் முடியும் புராசஸரும் ஒன்றுதான்.

கேள்வி: தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினி ஒன்றில் “கிராபிக்ஸ் 4 ஜிபி உள்ளது” என்று காட்டினார் விற்பனையாளர். திரையிலும் அப்படித்தான் இருந்தது. ரேம் 8 ஜிபி, புராசஸர் ஐ5-1235யூ. இதை நம்பலாமா?
– சிறு வியாபாரி, கும்பகோணம்

பதில்: திரையில் கண்டது பொய்யன்று, அதற்கு அவர் சொன்ன பொருள்தான் தவறு. டாஸ்க் மேனேஜரில் ‘ஷேர்டு’ என்று குறிக்கப்படும் அந்த 4 ஜிபி, இருக்கும் 8 ஜிபி ரேமில் ஏறக்குறைய பாதியைக் கிராபிக்ஸ் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று விண்டோஸ் விதித்திருக்கும் வரம்பு. தனியாக ஒரு கிராமும் கூடுதலாக உள்ளே இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே மூட்டை அரிசியைச் சாப்பாட்டுக்கு என்றும் பலகாரத்துக்கு என்றும் இரண்டு தடவை எண்ணுவதுபோல.

இத்தகைய மடிக்கணினியில்தான் இரண்டு ஸ்டிக் ரேமின் அருமை முழுதாகத் தெரியும். புராசஸரும் கிராபிக்ஸும் ஒரே வாய்க்காலிலிருந்து இறைப்பதால். இன்டெல் நிறுவனமே இதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறது. ஐ5-1235யூ போன்ற புராசஸர்களில் ரேம் இரட்டைச் சேனலில் இருந்தால் கிராபிக்ஸின் பெயர் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ என்று வரும்; ஒற்றைச் சேனலானால் அதே சில்லு ‘யுஎச்டி’ என்ற எளிய பெயரோடு நின்றுவிடும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து எந்தப் பெயர் வருகிறது என்று பாருங்கள். ஐரிஸ் எக்ஸ்இ என்றே வந்தாலும் பழைய, இலகுவான விளையாட்டுகளுக்கு மட்டுமே அது உதவும்.

கேள்வி: என்னிடம் 8 ஜிபி டிடிஆர்4-3200 ஒற்றை ஸ்டிக் கொண்ட கேமிங் மடிக்கணினி உள்ளது. நண்பர் தன்னிடம் மிச்சமாக இருக்கும் 16 ஜிபி ஸ்டிக்கைத் தருகிறார். 8-உம் 16-உம் சேருமா? அவரிடம் ஒரு டிடிஆர்5 ஸ்டிக்கும் இருக்கிறது.
– வாசகர், திருவாரூர்

பதில்: 16 ஜிபி ஸ்டிக் டிடிஆர்4 ஆக இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். பொதுவாக, 8 ஜிபிக்கு 8 ஜிபி ஜோடியாகி 16 ஜிபி அளவுக்கு இரட்டைச் சேனலிலும், மிஞ்சும் 8 ஜிபி ஒற்றைச் சேனலிலும் ஓடும். சமமான ஜோடியைவிட இது ஒரு படி குறைவு. ஆனால் இப்போதிருக்கும் நிலையைவிட எவ்வளவோ மேல். நண்பருடையது 2666 வேகத்தினதாக இருந்தால் இரண்டுமே அந்தக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஆர்5 ஸ்டிக்கை அவரிடமே விட்டுவிடுங்கள். மடிக்கணினிக்கான டிடிஆர்4-இல் 260 ஊசிகள், டிடிஆர்5-இல் 262. நடுவிலுள்ள பிளவும் இடம் மாறியிருக்கும். பொருந்தாது, அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். இன்னொரு வகைத் தவறும் உண்டு. அதைச் செய்தவன் நானே. மலிவாகக் கிடைக்கிறதென்று அவசரத்தில் வரவழைத்த ஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்தால், மடிக்கணினியின் ஸ்லாட்டைப்போல இருமடங்கு நீளம். மேசைக் கணினிக்கான ரேம் அது. மடிக்கணினிக்கு உரியது ‘சோடிம்’ என்ற குட்டை வகை; வாங்குமுன் அந்தச் சொல் பெட்டியின்மேல் இருக்கிறதா என்று படியுங்கள்.

கேள்வி: நான் பார்த்துவைத்திருக்கும் மெல்லிய கேமிங் மடிக்கணினியில் ரேம் ‘எல்பிடிடிஆர்5எக்ஸ், 16 ஜிபி’ என்று போட்டிருக்கிறது. பின்னர் கூட்டிக்கொள்ளலாமா? குறைந்தது ஐந்தாண்டு வைத்திருக்க எண்ணுகிறேன்.
– தனியார் நிறுவன ஊழியர், மயிலாடுதுறை

பதில்: கூட்ட முடியாது. எல்பிடிடிஆர் வகை நினைவகச் சில்லுகளை மடிக்கணினிகளில் பொதுவாகத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் ‘ஃபார்ம் ஃபேக்டர்’ என்ற வரியில் ‘சோடிம்’ என்பதற்குப் பதிலாக ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்று வந்தால் அது பற்றவைத்தது என்று தெரிந்துகொள்ளலாம். இதை ஒரு குறையாக மட்டும் எண்ண வேண்டாம்: மின்சாரம் குறைவாகச் செலவாகும், வேகமும் வழக்கமான ஸ்டிக்குகளைவிடக் கூடுதல், 16 ஜிபியில் பெரும்பாலும் மதகு முழு அகலத்துக்கும் திறந்தே இருக்கும்.

ஆனால் வாங்கும் நாளில் எடுக்கும் முடிவே கடைசி முடிவு. 2024-இல் வெளிவந்த பிளாக் மித்: வுகாங் விளையாட்டுக்குக் குறைந்தபட்சமே 16 ஜிபி என்று குறித்திருக்கிறார்கள். இன்றைக்குக் குறைந்தபட்சமாக இருப்பதை நீங்கள் இன்னும் ஐந்தாண்டுக்கு வைத்திருக்கப் போகிறீர்கள். அதே மாடல் 32 ஜிபியில் கிடைத்து, விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் அதை எடுங்கள். அதற்காகக் கிராபிக்ஸ் கார்டில் ஒரு படி இறங்க வேண்டியிருந்தால் இறங்காதீர்கள். அப்போது சற்றே தடிமனான, இரண்டு சோடிம் ஸ்லாட் உள்ள மாடலைத் தேடி, இப்போது 16 ஜிபியோடு வாங்கிவிட்டு, தேவை வரும்போது கூட்டிக்கொள்ளுங்கள். பையில் அரை கிலோ கூடும்.